பொம்மைக் கம்பெனியிலிருந்து வந்தவர்

சங்க மலரில் வாழ்க்கை வரலாறு என்றால் யார் யார் வருவார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். விசுவேசுவரய்யா, ஜி.டி. நாயுடு, அப்துல் கலாம். மூன்று பேர்மீதும் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. ஆனால் சீனியர்கள் அவர்களைப் பற்றி நன்றாகவே எழுதிவிட்டுப் போயிருக்கிறார்கள். நான் எழுதப் போவது ஒரு ஜப்பான்காரரைப் பற்றி. பெயர் எய்ஜி சுபுராயா. பெயர் வாயில் நுழையாவிட்டால் பரவாயில்லை, காட்ஸில்லா என்றால் தெரியும் அல்லவா? அந்தக் காட்ஸில்லாவை முதன்முதலில் திரையில் நடக்கவிட்டவர் இவர்தான். இறந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகிறது.

இவரை நான் எந்தப் புத்தகத்திலும் தேடிப் போகவில்லை. ஒரு பொம்மை வழியாக வந்து சேர்ந்தார்.

முதலாண்டு லீவில் நண்பர்களோடு ஒரு பெரிய மாலுக்குப் போயிருந்தேன். ஏ.சி.க்காகத்தான் போனோம், வாங்குவதற்கு இல்லை. அங்கே ஒரு கடையில் பூட்டிய கண்ணாடி அலமாரிக்குள் ஒரு காட்ஸில்லா நின்றது. 1954-ல் வந்த முதல் படத்தில் எப்படி இருந்ததோ அதே மாதிரி. தோலில் ஒவ்வொரு சுருக்கமும், முதுகில் மூன்று வரிசைத் தட்டும், கால் நகமும் துல்லியமாக இருந்தன. ஒரு அடி உயரம்தான் இருக்கும். விலைச் சீட்டைப் பார்த்தேன். என் ஒரு வருஷ பீஸைவிட அதிகம்! இதை யார் வாங்குவார்கள் என்று நினைத்துக்கொண்டே வெளியே வந்தேன். ஆனால் அது மனசை விட்டுப் போகவில்லை.

அதை வாங்குகிறவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது. புதிதாக வருவதை மட்டுமல்ல, 1960களில் ஜப்பான் குழந்தைகள் சில நூறு யென் கொடுத்து வாங்கித் தெருவில் போட்டு உருட்டிய பழைய வினைல் பொம்மைகளையும் தேடித் தேடிச் சேர்க்கிறார்கள். அதில் அட்டையோடு, பெயின்ட் உதிராமல் இருப்பது கிடைத்தால் லட்சக்கணக்கான யென் கொடுக்கவும் ஆள் உண்டு. நான் கல்யாண மண்டபங்களில் பந்தி பரிமாறப் போய்ச் சேர்த்த காசில், பழைய சாமான் விற்கும் ஒருவரிடம் பதினாறு சென்டிமீட்டர் உயர ஜப்பான் வினைல் பொம்மை ஒன்றை 1,800 ரூபாய்க்கு வாங்கினேன். வீட்டில் 180 ரூபாய் என்று சொன்னேன். ஒரு சைபரைத்தானே விழுங்கினோம் என்று அப்போது நினைத்தேன். அந்த சைபர் பிறகு என்னைப் படுத்திய பாட்டைக் கீழே சொல்கிறேன். இப்போது சுபுராயாவுக்கு வருவோம்.

அவர் பிறந்தது 1901 ஜூலையில், ஜப்பானின் புகுஷிமா மாகாணத்தில் சுகாகவா என்ற சிற்றூரில். மூன்று வயதில் தாயை இழந்தார். தகப்பனாரும் வீட்டை விட்டுப் போய்விட்டார். பாட்டிதான் வளர்த்தார். கூடவே உறவு முறையில் பெரியவர், ஆனால் ஐந்தே வயது மூத்தவரான இச்சிரோ. அவரைத்தான் சொந்த அண்ணன் போல நினைத்து வளர்ந்தார். குடும்பத்துக்குச் சொந்தத் தொழில் இருந்தது. பையன் அதைப் பார்த்துக்கொள்வான் என்பதுதான் எல்லோருடைய எண்ணமும்.

ஆனால் 1910 டிசம்பரில் ஜப்பானில் முதல்முறையாக விமானம் பறந்தது. பத்து வயதுகூட நிரம்பாத பையனுக்கு அதிலிருந்து பித்துப் பிடித்துவிட்டது. கட்டையிலும் காகிதத்திலும் மாதிரி விமானங்கள் செய்ய ஆரம்பித்தான். விமானத்தை நேரில் பார்க்க வாய்ப்பில்லாத ஊர். பத்திரிகையில் வரும் படத்தைப் பார்த்து அளவைத் தானே ஊகித்துச் செய்ய வேண்டும். நம்ம டிராயிங் ஹாலில் ஸ்கேல் போடச் சொன்னால் நாம் முழிக்கிற முழியை நினைத்துப் பாருங்கள். அந்தப் பையனுக்குச் சொல்லித்தர யாருமே கிடையாது.

1916-ல் டோக்கியோ பக்கம் ஹனேடாவில் புதிதாகத் தொடங்கிய விமானப் பள்ளியில் சேர்ந்தார். ஹனேடா என்றால் இப்போது மாபெரும் விமான நிலையம். அப்போது கடலோர வெற்று மணல். பள்ளி என்று பெரிய பெயர்தான், அடுத்த ஆண்டே ஆசிரியரான தமாய் விமான விபத்தில் இறந்துபோனார். பள்ளியும் மூடப்பட்டது. சுபுராயாவுக்கு வயது பதினாறு. ஊர் திரும்பினால் குடும்பத் தொழில் காத்திருக்கிறது. அவர் திரும்பவில்லை. டோக்கியோவில் கண்டா என்ற இடத்தில் இருந்த மின்பொறியியல் பள்ளியில் சேர்ந்தார். ஆம், நண்பர்களே, இவரும் நம்ம ஜாதி! எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் காலரைத் தூக்கிவிட்டுக் கொள்ளலாம்.

படிப்புச் செலவுக்கு ஒரு பொம்மைக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தார். புதுப் புது விளையாட்டுச் சாமான்களைக் கற்பனை செய்து வரைந்து தருவது வேலை. அதில் கெட்டிக்காரர். அவர் வடிவமைத்த ஒரு சறுக்கு வண்டி நன்றாக விற்று, கையில் கணிசமான பணம் வந்தது. 1919 வசந்த காலத்தில் அந்தப் பணத்தில் கம்பெனி ஆட்களை எல்லாம் செர்ரிப் பூப் பார்க்கும் விழாவுக்கு அழைத்துக்கொண்டு போனார். நாம் காணும் பொங்கலுக்குக் கடற்கரைக்குப் போவது மாதிரி அங்கே அது ஒரு பெரிய கொண்டாட்டம். போன இடத்தில் பக்கத்துக் கூட்டத்தோடு வாய்த் தகராறு. சுபுராயா குறுக்கே புகுந்து சமாதானம் செய்தார். எதிர்க் கூட்டம் சினிமாக்காரர்கள்! அதில் இருந்த எடமாசா என்ற இயக்குநருக்கு இந்தப் பையனைப் பிடித்துப்போக, சினிமாவுக்கு வா என்று கூப்பிட்டார். இப்படி ஒருவருடைய வாழ்க்கை திரும்பியது என்று கதையில் எழுதினால் நாமே நம்ப மாட்டோம்.

அதன் பிறகு பதினைந்து வருஷம் பெரும்பாலும் கேமராதான். நடுவில் ராணுவ சேவை. பிறகு கியோட்டோ ஸ்டூடியோக்களில் உதவி ஒளிப்பதிவாளர், ஒளிப்பதிவாளர். இருக்கிற கருவியை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற ஆள் இல்லை. கேமராவை மேலும் கீழும் கொண்டு போகத் தானே கிரேன் கட்டினார். நிழலையும் புகையையும் வைத்து என்னென்னவோ சோதனை செய்தார். அங்கே பலருக்கு இது வேண்டாத வேலையாகத் தெரிந்தது. 1933-ல் அமெரிக்காவிலிருந்து கிங்காங் படம் வந்தது. நம்ம ஊரில் குண்டாக இருப்பவனையெல்லாம் கிங்காங் என்று கூப்பிடுவார்களே, அந்தப் பெயரே அந்தப் படத்திலிருந்து வந்ததுதான். அதில் வரும் மலை போன்ற குரங்கு உண்மையில் ஒன்றரை அடி பொம்மை. உள்ளே உலோக எலும்பு, மூட்டுக்கு மூட்டு திருகும் குண்டு, மேலே முயல் ரோமம். பொம்மையைக் கொஞ்சம் அசைப்பது, ஒரு பிரேம் எடுப்பது, மறுபடி அசைப்பது. திரையில் ஒரு நொடிக்கு 24 பிரேம். சுபுராயா படத்தின் பிரதி ஒன்றைச் சம்பாதித்து, பிரேம் பிரேமாக ஆராய்ந்தார். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தான் செய்ய வேண்டிய வேலை எது என்று அப்போதுதான் அவருக்கு முழுசாகத் தெரிந்தது.

1937-ல் டோஹோ ஸ்டூடியோ அவரைத் தந்திரக் காட்சிப் பிரிவுக்கு எடுத்துக்கொண்டது. பிரிவு என்றால் ஆரம்பத்தில் அவர் ஒருவர்தான்.

இனி சொல்லப்போவதை விட்டுவிட்டு எழுதலாமா என்று யோசித்தேன். விட்டால் பொய்யாகிவிடும். ஏற்கெனவே ஒரு சைபர் விழுங்கியவன் நான். யுத்த காலத்தில் சுபுராயா ஜப்பானிய அரசாங்கத்துக்காகப் போர்ப் பிரச்சாரப் படங்களில் வேலை செய்தார். பேர்ல் துறைமுகத் தாக்குதலின் முதலாண்டு நிறைவுக்காக 1942 டிசம்பரில் ஒரு படம் வந்தது. அதில் வரும் துறைமுகம், கப்பல்கள், விமானங்கள் எல்லாம் அவர் ஆட்கள் செய்த சிறு மாதிரிகள். ராணுவ ரகசியம் என்று கடற்படை சரியான விவரம் தரவில்லை. கிடைத்த புகைப்படங்களை வைத்து அளவு கணக்கிட்டுச் செய்தார்கள். சின்ன வயசில் பத்திரிகைப் படம் பார்த்து விமானம் செய்தாரே, அதே வித்தை. யுத்தம் முடிந்து வந்த அமெரிக்க அதிகாரிகள் அந்தக் காட்சிகளை நிஜத் தாக்குதலின் படம் என்றே நினைத்தார்கள் என்று சொல்வதுண்டு. வித்தையைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது, அது எதற்குப் பயன்பட்டது என்று பார்த்தால் சங்கடமாக இருக்கிறது. நான் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். 1948-ல் போருக்கு உதவியவர்கள் என்ற பட்டியலில் வந்து வேலை போயிற்று. வீட்டிலேயே ஒரு சிறு கூடம் வைத்துக்கொண்டு, கிடைத்த வேலையைச் செய்து காலம் தள்ளினார். டோஹோ மறுபடி கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டபோது ஐம்பதை எட்டிவிட்டார்.

1954 மார்ச் 1-ஆம் தேதி பசிபிக் கடலில் பிகினி தீவில் அமெரிக்கா ஹைட்ரஜன் குண்டு வெடித்துச் சோதித்தது. அந்தச் சாம்பல் ஒரு ஜப்பானிய மீன்பிடிப் படகின் மேல் விழுந்தது. படகில் இருந்த 23 பேரும் நோயில் விழுந்தார்கள், அந்தச் செப்டம்பரில் ஒருவர் இறந்தார். மீன் வாங்கவே மக்கள் பயந்த நேரம். அந்தச் சமயத்தில் டோஹோ தயாரிப்பாளர் தனாகா, அணுகுண்டால் கடலடியிலிருந்து எழுப்பப்படும் ஒரு பிராணியின் கதையைக் கொண்டுவந்தார். இயக்குநர் இஷிரோ ஹோண்டா. அவர் சண்டைக்குப் போய்த் திரும்பும் வழியில் ஹிரோஷிமாவைக் கண்ணால் பார்த்தவர். தந்திரக் காட்சிகள் சுபுராயா.

அவருக்குக் கிங்காங் மாதிரி பொம்மையை அசைத்து அசைத்து எடுக்கத்தான் ஆசை. ஆனால் அப்படி எடுத்தால் ஏழு வருஷம் ஆகும் என்று கணக்கு வந்தது. கையில் இருந்ததோ சில மாதம். அதனால் ரப்பர் உடுப்பு தைத்து அதற்குள் மனிதனை நிறுத்தி நடக்கவிடுவது என்று முடிவானது. முடியாமல் போனதால் பிறந்த யோசனை அது. இன்றைக்கு அதுவே ஒரு தனிக் கலையாகிவிட்டது.

இங்கேதான் நமக்கு வேண்டிய கணக்கு இருக்கிறது. கதையில் காட்ஸில்லாவின் உயரம் 50 மீட்டர். அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 54 மீட்டர் என்றால் அளவு புரியும். அந்தக் காலத்தில் டோக்கியோவில் 31 மீட்டருக்கு மேல் கட்டடம் கட்ட அனுமதி இல்லை. ஆகையால் 50 மீட்டர் பிராணி எந்தக் கட்டடத்தின் பின்னால் நின்றாலும் தலை தெரியும். உடுப்புப் போட்ட ஆள் ஏறக்குறைய 2 மீட்டர். 50-ஐ 2-ஆல் வகுத்தால் 25. எனவே டோக்கியோ முழுவதையும் 25-ல் 1 பங்கு அளவில் கட்ட வேண்டும். ஆறு மீட்டர் உயர வீடு 24 சென்டிமீட்டர். தச்சர்களும் சுதை வேலைக்காரர்களும் உட்கார்ந்து தெருத்தெருவாகக் கட்டினார்கள். மிதித்தால் பொலபொலவென்று உதிர வேண்டும் என்பதற்காகச் சுவர்களில் முன்கூட்டியே கீறி வைத்தார்கள். காட்ஸில்லாவின் மூச்சில் மின்கோபுரங்கள் உருகுமே, அவை மெழுகால் செய்தவை. டாங்கிகளும் சிறு மாதிரிகள்தான். ஆவடி நண்பர்களுக்கு டாங்கி புதிதில்லை, அந்தக் காட்சியைப் பார்த்தால் அவர்கள்தான் முதலில் குறை சொல்வார்கள்.

அளவு மட்டும் சுருங்கினால் போதாது, நேரமும் சரியாக வர வேண்டும். இது எனக்கு ரொம்பப் பிடித்த இடம். உயரத்திலிருந்து விழும் பொருள் தரையைத் தொட எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. நம்ம முதலாண்டு பிசிக்ஸ்தான். உயரம் 25-ல் ஒரு பங்கானால் நேரம் 5-ல் ஒரு பங்காகிவிடும். பொம்மைக் கட்டடம் சட்டென்று விழுந்துவிடும், பார்ப்பவனுக்கு அது பொம்மை என்று தெரிந்துவிடும். அதனால் நொடிக்கு 24 பிரேம் எடுக்கும் கேமராவை வேகமாக ஓட்டிப் படம் பிடித்து, திரையில் வழக்கமான வேகத்தில் காட்ட வேண்டும். கணக்குப்படி பார்த்தால் ஐந்து மடங்கு, நொடிக்கு 120 பிரேம். வர்க்கமூலம் எங்கே உபயோகப்படும் என்று முதலாண்டில் பின்வரிசையிலிருந்து முனகியவர்களில் நானும் ஒருவன். சார் மன்னிக்க வேண்டும்.

உடுப்புக்குள் நின்றவர் ஹருவோ நகஜிமா. மூங்கிலும் கம்பிவலையும் பஞ்சும் ரப்பரும் சேர்த்துச் செய்த முதல் உடுப்பு ஏறக்குறைய 100 கிலோ. அதைப் போட்டுக்கொண்டு நடக்கவே முடியவில்லை. அதை வெட்டித் தனித்தனிக் காட்சிக்கு வைத்துக்கொண்டு, கொஞ்சம் இலகுவாக இன்னொன்று செய்தார்கள். விளக்குச் சூட்டில் உள்ளே வேர்வை ஓடும். படம் முடிவதற்குள் அவர் எடை ஒன்பது கிலோ குறைந்தது என்பார்கள். எந்தெந்தத் தெருவை எரிக்கலாம் என்று படக்குழுவினர் ஒரு பெரிய கடையின் மொட்டைமாடியில் நின்று பேசிக்கொண்டிருக்க, காவலாள் சந்தேகப்பட்டுப் பிடித்து விசாரித்த கதையும் உண்டு. அந்த உறுமல் சத்தம் எந்த மிருகத்துடையதும் இல்லை. இசையமைப்பாளர் இஃபுகுபே, பிசின் தடவிய தோல் கையுறையால் பெரிய வயலின் போன்ற வாத்தியத்தின் தந்தியை உருவி எடுத்த சத்தம் அது.

படம் 1954 நவம்பர் 3-ஆம் தேதி வெளிவந்தது. இரண்டு மாதம் கழித்து, 1955 ஜனவரியில்தான் நம்ம ஆவடியில் காங்கிரஸ் மாநாடு. ஜப்பானில் சுமார் 96 லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஒன்பது வருஷத்துக்கு முன் நிஜமாகவே தீப்பிடித்து எரிந்த நகரம், பொம்மையாக மறுபடி எரிவதை அவர்கள் எப்படிப் பார்த்திருப்பார்கள்? யுத்தத்தைக் கொண்டாடப் பொம்மைக் கப்பல் செய்த அதே கைகள், பன்னிரண்டு வருஷம் கழித்து, யுத்தம் என்ன செய்யும் என்று காட்டப் பொம்மை நகரத்தைக் கட்டின. முதல் படத்தின் ஆஸ்பத்திரிக் காட்சியைப் பார்த்தால், அது குழந்தைகளுக்காக எடுத்த படம் இல்லை என்பது விளங்கும்.

பிறகு ரோடான், மோத்ரா, கிங்காங்கும் காட்ஸில்லாவும் மோதும் படம் என்று வருஷா வருஷம் வந்தன. இதையெல்லாம் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். எனக்குப் பிடித்தது 1963-க்குப் பிறகு நடந்தது. அந்த ஆண்டு சொந்தமாகச் சுபுராயா புரொடக்‌ஷன்ஸ் தொடங்கினார். தொடங்கிய கையோடு, இரண்டு மூன்று பிலிம்களை ஒன்றாகச் சேர்க்கும் ஆக்ஸ்பெரி என்ற அமெரிக்க ஆப்டிகல் பிரின்டருக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். விலை 4 கோடி யென். கையில் அவ்வளவு பணம் கிடையாது! சரி, வேண்டாம் என்று சொல்லலாம் என்றால் மிஷின் ஏற்கெனவே கப்பலேறிவிட்டது. வயது அறுபதைத் தாண்டியவர், என்னைப் போல மாட்டிக்கொண்டு நின்றார் என்று படித்தபோது எனக்கு ஒரு அல்ப சந்தோஷம். கடைசியில் டி.பி.எஸ். தொலைக்காட்சி நிறுவனம் மிஷினை வாங்கிக்கொண்டது. பதிலுக்கு அவர் அவர்களுக்கு ஒரு தொடர் எடுத்துத் தர வேண்டும். அதுதான் 1966 ஜனவரியில் வந்த அல்ட்ரா க்யூ. அதே ஆண்டு ஜூலையில் அல்ட்ராமேன். வாரத்துக்கு ஒரு பிராணி வீட்டுக்கே வந்து இறங்க, ஜப்பான் பிள்ளைகளுக்குப் பைத்தியம் பிடித்தது. நம்ம அப்பா அம்மா வயதுக்காரர்களைக் கேட்டால் 1980களில் தூர்தர்ஷனில் வந்த ஜெயன்ட் ரோபோட் பற்றிச் சொல்வார்கள். அது வேறு கம்பெனியின் தொடர், ஆனாலும் இந்த அலையில் பிறந்ததுதான்.

அந்த 1966-ல்தான் மருசான் என்ற கம்பெனி மெத்தென்ற வினைல் பொம்மைகளாகக் காட்ஸில்லாவையும் மற்றப் பிராணிகளையும் வார்த்து விற்றது. பொம்மைக் கம்பெனியிலிருந்து சினிமாவுக்குப் போன ஆளின் கற்பனை, ஐம்பது வருஷம் சுற்றி மறுபடி பொம்மைக் கம்பெனிக்கே வந்து சேர்ந்தது. சில வருஷத்தில் மருசான் மூழ்கியது. அதில் இருந்தவர்கள் புல்மார்க் என்று புதிதாகத் தொடங்கினார்கள். 1977-ல் அதுவும் மூழ்கியது. லட்சம் யென்னுக்குப் போகிறது என்றேனே, அவை பெரும்பாலும் இந்த இரண்டு கம்பெனியின் சரக்குகள்தான். அந்தக் காலத்து வேலை அவ்வளவு துல்லியமாகவும் இருக்காது. பச்சைக் காட்ஸில்லா, ஊதா வயிறு, ஒரு கண் மேலே ஒரு கண் கீழே. சேர்ப்பவர்களுக்கு அதுதான் அழகாம். துல்லியம் வேண்டும் என்றவர்கள் 1980களில் வேறு வழி கண்டுபிடித்தார்கள். ரசிகர்களே வீட்டில் களிமண்ணில் சிலை செய்து, சிலிக்கான் ரப்பரில் அச்செடுத்து, ரெசினில் வார்த்து, பத்து இருபது பிரதி விற்றார்கள். காரேஜ் கிட் என்று பெயர். நான் மாலில் பார்த்த விலையுயர்ந்த காட்ஸில்லா அந்த வம்சம்.

இனி அப்பா கதை. என் அப்பா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பிளேட்டிங் பட்டறையில் இருபது வருஷமாக வேலை பார்க்கிறார். எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவர். ஒரு ஞாயிற்றுக்கிழமை என் பொம்மையைக் கையில் எடுத்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு திருப்பித் திருப்பிப் பார்த்தார். விலையைக் கண்டுபிடித்துவிட்டாரோ என்று எனக்கு உள்ளே உதறல். அவர் தேடியது வேறு. பிளாஸ்டிக் பொம்மை என்றால் இரண்டு அச்சும் சேரும் இடத்தில் ஒரு கோடு ஓடும். இதில் கோடே இல்லையே, அப்படியானால் அச்சிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று கேட்டார். மெக்கானிக்கல் படிக்கிற எனக்கு அந்தக் கேள்வி அதுவரை தோன்றவே இல்லை!

தேடிப் படித்து, மறுநாள் ராத்திரி அவருக்குச் சொன்னேன். முதலில் மெழுகில் உருவம் செய்வார்கள். அதன்மேல் மின்சாரம் கடத்தும் பூச்சு பூசி, பிளேட்டிங் தொட்டியில் நாள்கணக்கில் தொங்கவிட்டு, கனமாகச் செம்பு ஏற்றுவார்கள். பிறகு மெழுகை உருக்கி ஊற்றிவிட்டால், மூட்டே இல்லாத ஒற்றைச் செம்பு அச்சு நிற்கும். அதில் பி.வி.சி. திரவத்தை ஊற்றி, காற்றுக் குமிழை எடுத்துவிட்டு, கொதிக்கும் எண்ணெயில் முக்குவார்கள். அச்சின் சுவரை ஒட்டியது மட்டும் கெட்டியாகும், நடுவில் இருப்பதைத் திரும்பக் கொட்டிவிடுவார்கள். உள்ளே கூடான பொம்மை, சூட்டில் இளகி இருக்கும்போதே, சின்ன வாய் வழியாகக் குறடால் இழுத்தால் நசுங்கி வெளியே வந்து, பிறகு தன் உருவத்துக்குத் திரும்பிவிடும். கையும் வாலும் தலையும் தனித்தனியாக எடுத்துச் சேர்ப்பார்கள். அப்பா செம்பு ஏற்றும் இடம் வந்ததும் என்னை நிறுத்தி, கரன்ட் எவ்வளவு, எத்தனை நாள், கால் விரல் இடுக்கில் எப்படி ஏறும், அங்கே மெலிசாக அல்லவா போகும் என்று கேட்டுக்கொண்டே போனார். பாதிக்கு எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்குத்தான் தெரிந்தது. கடைசியில், இவ்வளவு வேலை இருக்கிற பொருளை 180 ரூபாய்க்கு எவன் கொடுத்தான் என்றார். நான் சைபரைச் சேர்த்துச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு பொம்மையைத் துடைத்து டி.வி. மேல் வைத்தார். அந்த மாசம் முழுக்க என்னோடு சரியாகப் பேசவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சுபுராயாவுக்குக் கடைசி வரை ஓய்வில்லை. 1970 மார்ச்சில் தொடங்கவிருந்த ஒசாகா உலகக் கண்காட்சிக்காக ஒரு அரங்கின் காட்சி வேலைகளைச் செய்துகொண்டிருந்தார். உடம்பு முடியாமல் இதோ என்ற கடலோர ஊரில் ஓய்வெடுக்கப் போனவர், அங்கேயே 1970 ஜனவரி 25-ஆம் தேதி இதய நோயால் இறந்தார். வயது 68. தொடக்க கால விமானக்காரர்களைப் பற்றி ஒரு படம் எடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கொண்டிருந்தார். அது நடக்கவே இல்லை. ஹனேடா மணலை அவர் மறக்கவில்லை போலிருக்கிறது.

அவர் பிறந்த சுகாகவாவில் இப்போது தெருவோரம் அல்ட்ராமேன், பிராணிகள் சிலைகளாக நிற்கின்றன. 2013-ல் அந்த ஊர், அல்ட்ராமேன் பிறந்ததாகக் கதையில் வரும் கற்பனைக் கிரகத்தோடு சகோதர நகர உடன்படிக்கை செய்துகொண்டது. நம்ம ஊர் நகராட்சிகளிடம் இந்தக் குறும்பை எதிர்பார்க்க முடியுமா! 2019-ல் அவர் பெயரில் ஒரு காட்சியகமும் திறந்தார்கள். 2024 மார்ச்சில் காட்ஸில்லா மைனஸ் ஒன் என்ற ஜப்பானியப் படம் தந்திரக் காட்சிக்கான ஆஸ்கார் வாங்கியது. அந்த வேலையைச் செய்த குழுவில் 35 பேர்தான். எழுபது வருஷத்தில் காட்ஸில்லாவுக்குக் கிடைத்த முதல் ஆஸ்கார் அது.

கடைசியாக ஒரு விஷயம். இந்த வருஷ ஆண்டு விழாக் கண்காட்சியில் மெக்கானிக்கல், சிவில் இரண்டும் சேர்ந்து ஒரு மாதிரி வைப்பதாக இருக்கிறோம். என் காட்ஸில்லா 16 சென்டிமீட்டர். கதைப்படி 50 மீட்டர். ஆகவே ஸ்கேல் 312-ல் 1. நாங்கள் கட்டப் போவது டோக்கியோ இல்லை, அம்பத்தூர் ஓ.டி. பஸ் நிலையமும் சுற்றியுள்ள கடைகளும். பத்து மீட்டர் கட்டடம் மூன்றே கால் சென்டிமீட்டர் வரும். ரயில்வே மேம்பாலத்தை அப்பா செம்புக் கம்பியில் செய்து தருவதாக அவராகவே சொல்லியிருக்கிறார். கார்ட்போர்டும் பெவிகாலும் இருக்கின்றன. பஸ் நிலையத்தை டேப் பிடித்து அளக்கத்தான் இரண்டு ஆள் வேண்டும். சிவில் நண்பர்கள் யாராவது சனிக்கிழமை காலை ஏழு மணிக்குள் வந்தால் நல்லது. எட்டு மணிக்கு மேல் அங்கே டேப்பை விரிக்க முடியாது.